நேர்மின்வாய் எது?



இந்த ஆண்டு எங்கள் வகுப்புத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா ஒன்று வந்தது. ‘டேனியல் மின்கலத்தில் நேர்மின்வாய் எது?’ என்பதே அது. எங்களில் பாதிப் பேர் ‘தாமிரம்’ என்று எழுதினோம். மீதிப் பேர் ‘துத்தநாகம்’ என்று எழுதினர். விடைத்தாள் வந்தபோது துத்தநாகத்திற்கு மதிப்பெண் கிடைத்திருந்தது. தாமிரம் என்று எழுதியவர்கள் சும்மா இருக்கவில்லை. “சிஸ்டர், வோல்ட்மீட்டரில் தாமிரத் தகட்டைத்தானே கூட்டல் முனையில் இணைக்கிறோம்? ‘நேர்’ என்றால் கூட்டல்தானே?” என்று கேட்டோம். கேள்வியில் நியாயம் இருந்தது. சிஸ்டர் விடை சொல்லவில்லை. “இரண்டு வாரம் ஆய்வகத்தில் செய்து பாருங்கள். பிறகு நீங்களே எனக்குச் சொல்லுங்கள்” என்று கூறிவிட்டார். அப்படிச் செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். பொதுத் தேர்வு எழுதப்போகும் அடுத்த ஆண்டுத் தங்கையருக்கும் இது உதவும்.

முதலில் மின்வாய் என்பது என்ன? உலோகக் கம்பிக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். உப்புக் கரைசலுக்குள் எலக்ட்ரான்கள் தனியே நீந்திச் செல்வதில்லை. அங்கே மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். சென்னையிலிருந்து ஏற்காட்டுக்கு வருபவர் சேலம் வரை இரயிலில் வரலாம். அதற்குமேல் மலையில் இரயில் ஏறாது. இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். அதுபோல எலக்ட்ரான் பயணம் முடிந்து அயனிப் பயணம் தொடங்கும் இடமே மின்வாய். கம்பியும் கரைசலும் சந்திக்கும் அந்த மேற்பரப்பில்தான் எல்லா வேதி மாற்றமும் நடக்கிறது. நடுவில் உள்ள கரைசலில் போக்குவரத்து மட்டுமே உண்டு.

ஒரு முனையில் ஏதோ ஒரு பொருள் எலக்ட்ரானை இழக்க வேண்டும். அது ஆக்சிஜனேற்றம். மறுமுனையில் ஏதோ ஒரு பொருள் எலக்ட்ரானைப் பெற வேண்டும். அது ஒடுக்கம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நடக்கும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும்.

இனி எங்கள் சோதனைகள். தேவையான பொருள்களுள் பாதி ஒரு பழைய டார்ச் செல்லிலேயே கிடைத்தன. அதன் வெளிச்சுவர் துத்தநாகம். நடுவில் நிற்கும் கறுப்புக் குச்சி கார்பன். சிஸ்டரின் மேற்பார்வையில், கையுறை அணிந்து, சாதாரண டார்ச் செல்லைத்தான் பிரித்தோம். கைக்கடிகாரத்தின் பொத்தான் செல், செல்பேசி பாட்டரி ஆகியவற்றை ஒருபோதும் பிரிக்கக் கூடாது. அவை தீப்பிடிக்கக் கூடும்.

முதல் சோதனைக்கு மயில்துத்தக் கரைசலை எடுத்துக்கொண்டோம். அதில் இரண்டு தாமிரத் தகடுகளைத் தொங்கவிட்டு, நல்ல டார்ச் செல்களின் கூட்டல், கழித்தல் முனைகளோடு இணைத்தோம். மின்னோட்டம் 0.2 ஆம்பியர் இருக்குமாறு பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கழித்தல் முனையில் இணைத்த தகடு புதுக்காசு போல் சிவந்து தடித்தது. கூட்டல் முனையில் இணைத்த தகடு சொரசொரப்பாகி மெலிந்தது. கரைசலின் நீல நிறம் சிறிதும் குறையவில்லை. ஒரு தகட்டிலிருந்து எத்தனை தாமிர அயனிகள் கரைந்தனவோ அத்தனை மறு தகட்டில் படிந்துவிட்டதே காரணம். கணக்குப்படி 0.24 கிராம் படிய வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 0.22 கிராம். கழுவும்போது கொஞ்சம் உதிர்ந்துவிட்டது.

அடுத்து, தாமிரத் தகடுகளை எடுத்துவிட்டு அதே கரைசலில் இரண்டு கார்பன் குச்சிகளை வைத்தோம். கழித்தல் முனைக் குச்சியில் முன்போலவே தாமிரம் படிந்தது. கூட்டல் முனைக் குச்சி கரையவில்லை. அதில் குமிழிகள் எழுந்தன, அது ஆக்சிஜன். இம்முறை நீல நிறம் நாளுக்கு நாள் வெளுத்தது. கரைசலிலிருந்து தாமிரம் வெளியேறுகிறது, ஈடுசெய்ய ஆளில்லை. தாமிர மின்வாய் வேலையில் தானும் இறங்கித் தேய்கிறது. கார்பன் இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அதன்மீது தண்ணீர்தான் எலக்ட்ரானை இழக்கிறது. ஆகவே மின்வாய் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து, கிடைக்கும் விளைபொருளே மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். கார்பன் குச்சி உடைந்துபோன ஒரு நாளில், எங்களில் ஒருத்தி மதிய உணவு டப்பாவிலிருந்து எவர்சில்வர் கரண்டியை எடுத்து, உப்பு நீரில் கூட்டல் முனையாக வைத்துவிட்டாள். துருப்பிடிக்காத எஃகாயிற்றே, கரையாது என்று நினைத்தோம். சில நிமிடங்களில் நீர் மஞ்சளும் பச்சையுமாகக் கலங்கி, அடியில் சேறு தங்கியது. மூக்கில் குளோரின் நெடியும் ஏறியது. சிஸ்டர் ஓடிவந்து இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சன்னல்களைத் திறந்தார். அன்றுதான் அவரை அவ்வளவு கோபமாகப் பார்த்தோம். எவர்சில்வரில் இரும்போடு குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் கலந்திருக்கின்றன. கூட்டல் முனையில் வைத்தால் அவையும் கரையும். அப்போது உண்டாகும் சில குரோமியச் சேர்மங்கள் புற்றுநோயையே உண்டாக்கக் கூடியவை. ‘துருப்பிடிக்காத’ என்ற பெயரை நம்பி ஏமாந்தோம். எவர்சில்வரை இந்த முனையில் யாரும் வைக்காதீர்கள்.

இனி வழக்குக்கு வருவோம். டேனியல் மின்கலத்தை இலண்டனில் ஜான் டேனியல் என்பவர் 1836இல் அமைத்தார். இரு கரைசல்களும் கலந்துவிடாமல், ஆனால் அயனிகள் மட்டும் கடந்து செல்லும்படி இடையில் ஒரு தடுப்பு வேண்டும். அதற்கு அவர் முதலில் மாட்டின் உணவுக்குழாயைப் பயன்படுத்தினாராம்! பின்பு மெருகிடாத மண்பாண்டத்திற்கு மாறினார். நாங்கள் சந்தையில் வாங்கிய ஒரு சிறு மண் கலயத்தை வைத்துக்கொண்டோம். கலயத்திற்குள் துத்தநாக சல்பேட்டுக் கரைசலும் துத்தநாகத் தகடும். வெளியே மயில்துத்தக் கரைசலும் தாமிரத் தகடும். வோல்ட்மீட்டர் முள் ஒன்றைச் சற்றே தாண்டி நின்றது. 1.1 வோல்ட் என்று புத்தகம் சொல்கிறது.

இங்கே எலக்ட்ரானை இழப்பது எது? துத்தநாகம். அது அயனியாகிக் கரைசலில் இறங்குகிறது. தகடு மெலிகிறது. எலக்ட்ரான்கள் கம்பி வழியாகத் தாமிரத்திற்குச் செல்கின்றன. அங்கே தாமிர அயனிகள் அவற்றைப் பெற்று உலோகமாகப் படிகின்றன. முதல் சோதனையில் கரைந்த தகட்டின் வேலையைத்தான் இங்கே துத்தநாகம் செய்கிறது. படிந்த தகட்டின் வேலையைத் தாமிரம் செய்கிறது. குறி மட்டும் தலைகீழாகிவிட்டது. முதல் சோதனையில் கரைந்த தகடு கூட்டல் முனை. இங்கே கரையும் தகடு கழித்தல் முனை. எங்கள் சண்டைக்குக் காரணம் இதுதான்.

ஏன் குறி மாறுகிறது? இதற்கு எங்களுக்குள் பல நாள் வாதம் நடந்தது. கடைசியில் கிணற்றைக் கொண்டு புரிந்துகொண்டோம். ஊற்று மிகுந்து தானே பொங்கி வழியும் கிணறு ஒன்று. மோட்டார் வைத்து இறைக்க வேண்டிய கிணறு ஒன்று. இரண்டிலும் தண்ணீர் கிணற்றிலிருந்துதான் வாய்க்காலுக்குப் போகிறது. ஆனால் முதலாவதில் கிணறு தள்ளுகிறது; இரண்டாவதில் வெளியிலிருந்து இழுக்கிறார்கள். டேனியல் கலத்தில் துத்தநாகம் தானாகவே எலக்ட்ரானைத் தள்ளுவதால் அதன்மேல் எலக்ட்ரான் மிகுந்திருக்கிறது. ஆகையால் கழித்தல் குறி. மின்னாற்பகுப்பில் வெளியே உள்ள டார்ச் செல் அந்தத் தகட்டிலிருந்து எலக்ட்ரானை இழுப்பதால் அதில் எலக்ட்ரான் குறைந்திருக்கிறது. ஆகையால் கூட்டல் குறி. எலக்ட்ரான் வெளியேறும் திசை இரண்டிலும் ஒன்றே.

மின்வாய்க்குப் பெயரிட்டவர் இந்த வேலையைப் பார்த்துத்தான் பெயரிட்டார். அவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். 1834இல் தம் ஆய்வுகளை எழுதும்போது, கூட்டல், கழித்தல் என்ற கருத்தையே சுமக்காத பெயர்கள் வேண்டுமென்று கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவையே ஆனோடு, கேத்தோடு என்ற சொற்கள். மேலேறும் வழி, கீழிறங்கும் வழி என்று பொருள். சூரியன் உதிக்கும் பக்கம், மறையும் பக்கம் என்பதை மனத்தில் கொண்டு வைத்த பெயர்கள். அயனி என்று நாம் சொல்வதும் அப்போது வந்த கிரேக்கச் சொல்லே. ‘செல்வது’ என்று பொருள். உத்தராயணம் என்பதில் உள்ள ‘அயனம்’ என்ற சொல்லும் செல்லுதலையே குறிப்பது எங்களுக்கு இனிய வியப்பாக இருந்தது.

ஆனோடு என்பதைத் தமிழில் ‘நேர்மின்வாய்’ என்றும், கேத்தோடு என்பதை ‘எதிர்மின்வாய்’ என்றும் எழுதுகிறோம். ஃபாரடே எந்தக் குறியைப் பெயருக்குள் வர விடக்கூடாது என்று அவ்வளவு முயன்றாரோ, அந்தக் குறியை நாம் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டோம். மின்னாற்பகுப்பில் இது பொருந்துகிறது. மின்கலத்திற்கு வந்தவுடன் ‘நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது’ என்று எழுத வேண்டியதாகிறது. தமிழ் வழியில் படிக்கும் எங்களுக்கு இது கூடுதல் சுமை. தமிழைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். உதயவாய், அத்தமன வாய் என்று ஒருத்தி புதுப்பெயரே வைத்தாள். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அதன்பிறகு எங்களில் ஒருவரும் தவறு செய்யவில்லை. இக்கட்டுரையில் இனி ஆனோடு, கேத்தோடு என்றே எழுதுகிறோம்.

அந்த இரண்டு வார முடிவில் தாமிரம் என்று எழுதியவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டோம். ஆனால் சிஸ்டர் துத்தநாகம் என்று எழுதியவர்களையும் விடவில்லை. “ஏன் துத்தநாகம்?” என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். பலர் மனப்பாடமாகத்தான் எழுதியிருந்தார்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனங்களில் உள்ள காரீய மின்கலத்தை மீண்டும் மீண்டும் மின்னேற்றலாம். வண்டியைக் கிளப்பும்போது அதன் கழித்தல் தகட்டில் காரீயம் எலக்ட்ரானை இழக்கிறது. எனவே அது ஆனோடு. மின்னேற்றும்போது அதே தகட்டில் எலக்ட்ரான் ஏற்கப்படுகிறது. எனவே இப்போது அது கேத்தோடு. தகடு இடம் மாறவில்லை, குறியும் மாறவில்லை, வேலை மாறிவிட்டது. அதனால்தான் மின்கலத்தின் மேல் கூட்டல், கழித்தல் குறிகளை மட்டும் அச்சிடுகிறார்கள்.

நம் ஊருக்கு அருகிலேயே மின்வாய்கள் பேரளவில் வேலை செய்த கதை ஒன்று இருக்கிறது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வடக்கே பார்த்தால் தெரிவது சேர்வராயன் மலை. குளிர்ச்சிக்கும் காப்பிக்கும் மட்டுமன்றி, பாக்சைட்டு என்னும் தாதுவுக்கும் அது பெயர் பெற்றது. அந்தத் தாதுவும் கொல்லிமலைத் தாதுவும் மேட்டூருக்குச் சென்றன. மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் அங்கே 1965 முதல் அலுமினியம் எடுத்தது. பாக்சைட்டிலிருந்து பிரித்த அலுமினா சுமார் 2,050 டிகிரி வெப்பத்தில்தான் உருகும். கிரையோலைட்டு என்ற உப்பை உருக்கி அதில் கரைத்தால் 950 டிகிரி அளவிலேயே மின்னாற்பகுக்கலாம். அடியில் இருக்கும் கார்பன் படுக்கை கேத்தோடு. உருகிய அலுமினியம் அதன்மேல் குளமாகத் தங்குகிறது. மேலிருந்து இறங்கும் கார்பன் கட்டைகள் ஆனோடு.

எங்கள் கரைசலில் ஒதுங்கி நின்ற கார்பன் இங்கே ஒதுங்கி நிற்பதில்லை. அந்த வெப்பத்தில் அலுமினாவின் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. ஒரு டன் அலுமினியம் எடுக்க 400 கிலோவுக்கும் மேலான கார்பன் இப்படித் தீர்கிறது. ஆகையால் ஆனோடுகளை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரமோ ஒரு டன்னுக்கு 13,000 முதல் 15,000 யூனிட் வரை பிடிக்கும். மேட்டூரில் இந்த உருக்கு வேலை 2008இல் நின்றுவிட்டது.

இம்முறையை 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்தனர். இருவருக்கும் அப்போது வயது 22தான். ஹாலின் அக்காள் ஜூலியாவும் ஓபர்லின் கல்லூரியில் வேதியியல் படித்தவர். தம்பி வீட்டுக் கொட்டகையில் சோதனை செய்தபோது அவர் அருகில் இருந்து பார்த்து வந்தார். பின்னர் காப்புரிமை வழக்கு எழுந்தபோது, எந்த நாளில் எது நடந்தது என்பதற்கு அவருடைய சாட்சியம் பெரிதும் துணைநின்றது. நம் பாடநூலில் அவர் பெயர் இல்லாததால் இங்கே எழுதினோம்.

மேட்டூரில் இன்னொரு மின்னாற்பகுப்பும் உண்டு. அணை கட்டி முடிந்தது 1934இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936இல், மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது. உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஆனோடில் குளோரினும், கேத்தோடு பக்கம் எரிசோடாவும் கிடைக்கும். சோப்புக்கும் துணிக்கும் காகிதத்திற்கும் எரிசோடா வேண்டும். இத்தகைய ஆலைகளில் ஆனோடுக்குத்தான் சோதனை அதிகம். குளோரினைத் தாங்கி நிற்க வேண்டுமே! முற்காலத்தில் கிராஃபைட்டை வைத்தார்கள். அதுவும் மெல்ல அரித்துப்போகும். பின்னர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய ஆனோடுகள் வந்தன. அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அவற்றை நம் நாட்டிலேயே செய்யும் வழியில் உழைத்தது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் அந்த ஆய்வகம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1948இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். எங்களில் மூவர் அங்கே சென்று படிக்க ஆசைப்படுகிறோம்.

இறுதியாக, எங்கள் சிற்றாலயத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியைப் பற்றி எழுத வேண்டும். அதன் வெள்ளி முலாம் பல இடங்களில் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. மயில்துத்தத்தில் தாமிரம் படிய வைத்த தைரியத்தில், “வெள்ளியும் நாங்களே படிய வைக்கிறோம், சிஸ்டர்” என்று முன்வந்தோம். அவர் அனுமதிக்கவில்லை. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் பித்தளையை வைத்தால், மின்சாரம் இல்லாமலே வெள்ளி கறுப்புப் பொடியாகப் படிந்து உதிர்ந்துவிடும். நெருக்கமாகவும் வழவழப்பாகவும் படிய, பட்டறைகளில் வெள்ளியைச் சயனைடுடன் சேர்த்த கரைசலில் வைக்கிறார்கள். சயனைடு கொடிய நஞ்சு. அதோடு ஓர் அமிலத் துளி சேர்ந்தாலும் நச்சு வாயு எழும். பள்ளி ஆய்வகத்தில் அதற்கு இடமில்லை.

எனவே தாங்கி சேலத்திலுள்ள ஒரு முலாம் பட்டறைக்குச் சென்றது. கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊரல்லவா! சிஸ்டருடன் எங்களில் நால்வர் சென்று வாசலில் நின்று பார்த்தோம். தொட்டியின் இரு ஓரங்களிலும் வெள்ளித் தகடுகள் கூட்டல் முனையில் தொங்கின. அவை கரையும் ஆனோடுகள். நடுவில் எங்கள் தாங்கி கழித்தல் முனையில் தொங்கியது. பட்டறைக்காரர் ஆனோடு என்றோ கேத்தோடு என்றோ சொல்லவில்லை. “இது தேயும், அது ஏறும்” என்றார்.

அம்மீட்டர் 2 ஆம்பியர் காட்டியது. அரை மணி நேரம் வைத்திருந்தார். திரும்பும் வழியில் பேருந்திலேயே கணக்குப் போட்டோம். 2 ஆம்பியர், 1,800 வினாடி. ஆக 3,600 கூலூம். 96,500 கூலூமுக்கு 108 கிராம் வெள்ளி என்றால், 3,600க்கு ஏறத்தாழ 4 கிராம். தாங்கியின் மேற்பரப்பைச் சுமார் 400 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், முலாமின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அடுத்த நாள் தாங்கியை எடைபோட்டுச் சரிபார்க்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். ஆனால் முலாம் பூசுவதற்கு முன் அதை எடைபோட ஒருவருக்கும் தோன்றவில்லை.